உப்பிய அணுவும் ஒரு காந்தமும்: குளிர்ந்த குறைக்கடத்தியில் எக்சிட்டான்

காந்தமும் குளிரும் திருநெல்வேலிச் சீமைக்குப் புதிதில்லை. குளிரா என்று, சித்திரை வெயிலில் சுலோசன முதலியார் பாலத்தை நடந்தே கடந்தவர்கள் சிரிக்கலாம். ஆனால் மகேந்திரகிரியில் இருக்கும் இஸ்ரோவின் உந்துவிசை வளாகத்தில் கிரையோஜெனிக் எஞ்சின்களைச் சோதிக்கும்போது குழாய்களில் ஓடுவது மைனஸ் 253 டிகிரி செல்சியஸ் திரவ ஹைட்ரஜன். கெல்வின் கணக்கில் 20. காந்தத்துக்குக் கிருஷ்ணாபுரம் இருக்கிறது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் அங்கே ஓர் ஆய்வகம் நடத்துகிறது. பூமியின் காந்த நடுக்கோடு இந்தப் பக்கமாகத்தான் போகிறது என்பதால், இங்கே தொங்கவிடும் காந்த ஊசி ஏறக்குறையப் படுக்கையாகவே நிற்கும். புலத்தின் அளவு சுமார் 40,000 நானோடெஸ்லா.

இந்த இரண்டையும் காலியம் ஆர்சனைடு என்ற ஒரு குறைக்கடத்திப் படிகத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்? மகேந்திரகிரிக் குளிர் பாதிக் கிணறு தாண்டிவிடும். கிருஷ்ணாபுரத்துக் காந்தப்புலம் ஒரு லட்சம் மடங்கு போதாது. ஒரு லட்சம் மடங்கு என்றதும் மலைக்க வேண்டாம், அது வெறும் 4 டெஸ்லாதான்; ஸ்கேன் சென்டரில் இருக்கும் எம்.ஆர்.ஐ. மெஷினே 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா என்று வருகிறது. அந்த 4 டெஸ்லா எங்கிருந்து வந்தது, குளிர் எதற்கு என்ற இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான்: எக்சிட்டானின் பருமன்.

எக்சிட்டான் என்றால் என்ன? குறைக்கடத்தியில் எலக்ட்ரான்கள் இணைதிறன் பட்டை என்ற கீழ் ஆற்றல் அடுக்கை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. மேலே கடத்துப் பட்டை காலி. நடுவில் இருக்கும் ஆற்றல் இடைவெளி, காலியம் ஆர்சனைடில் கடுங்குளிரில் 1.52 எலக்ட்ரான் வோல்ட். அந்த அளவு ஆற்றல் உள்ள ஒளி விழுந்தால் ஓர் எலக்ட்ரான் மேலே தாவுகிறது; கீழே ஒரு துளை விழுகிறது. இதுவரை பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். அந்தப் பாடத்தை நடத்தும்போது வகுப்பில் யாராவது ஒரு பையன் கேட்டே தீருவான்: "துளைன்னா அங்க ஒண்ணுமே இல்லன்னுதான சார் அர்த்தம்? இல்லாததுக்கு எப்பிடி சார் நிறை வரும்?" நல்ல கேள்வி. துளை என்பது கணக்கு எழுத நாம் வைத்துக்கொண்ட சுருக்கம். நிரம்பிய பட்டையில் மிச்சமிருக்கும் கோடானுகோடி எலக்ட்ரான்களும் சேர்ந்து எப்படி நகர்கின்றன என்று எழுதி மாளாது. அந்தக் கூட்டத்தின் மொத்த நடத்தையும், நேர்மின்னூட்டமும் ஒரு நிறையும் உள்ள ஒற்றைத் துகள் நடப்பதைப் போலவே அமைந்துவிடுகிறது. அந்தத் துகளின் நிறைதான் துளையின் நிறை.

எதிர்மின் எலக்ட்ரானும் நேர்மின் துளையும் ஒன்றையொன்று இழுக்கும். இழுத்துப் பிடித்துக்கொண்டு ஜோடியாகச் சுற்றினால் அதுதான் எக்சிட்டான். 1931-இல் சோவியத் இயற்பியலாளர் யாகவ் ஃபிரெங்கல் இந்த எண்ணத்தை முன்வைத்தார். அவர் நினைத்தது ஓர் அணுவுக்குள்ளேயே அடங்கும் இறுக்கமான ஜோடி. 1937-இல் வேனியர் காட்டியது வேறு மாதிரி: பல அணுக்களைத் தாண்டிப் பரந்து கிடக்கும் தளர்ந்த ஜோடி. காந்தப்புலக் கதையின் நாயகன் இந்த இரண்டாமவன்தான்.

தளர்ந்த ஜோடி என்றால் எவ்வளவு தளர்ச்சி? கணக்கை ஹைட்ரஜன் அணுவிலிருந்தே போடலாம். அங்கேயும் ஒரு நேர், ஓர் எதிர். பிணைப்பாற்றல் 13.6 எலக்ட்ரான் வோல்ட், ஆரம் 0.053 நானோமீட்டர். படிகத்துக்குள் வந்தால் இரண்டு விஷயங்கள் மாறுகின்றன. ஒன்று, சுற்றியிருக்கும் அணுக்கள் மின்னிழுப்பை மழுங்கடிக்கின்றன. காலியம் ஆர்சனைடின் மின்காப்பு மாறிலி ஏறக்குறைய 13. இரண்டு, படிகத்துக்குள் எலக்ட்ரான் தன் உண்மையான நிறையில் 0.067 பங்குதான் இருப்பதுபோல் ஓடுகிறது. துளையையும் சேர்த்துக் குறைக்கப்பட்ட நிறை என்று போட்டால் சுமார் 0.058. பிணைப்பாற்றலை இந்த நிறையால் பெருக்கி, மின்காப்பு மாறிலியின் வர்க்கத்தால் வகுத்தால் ஏறக்குறைய 4.7 மில்லி எலக்ட்ரான் வோல்ட் வருகிறது. சோதனையில் கிடைப்பது 4.2. ஹைட்ரஜனின் மூவாயிரத்தில் ஒரு பங்கு! ஆரமோ சுமார் 12 நானோமீட்டர், ஹைட்ரஜனைப் போல இருநூறு மடங்குக்கும் மேல். அந்த ஆரத்தில் ஒரு கோளம் வரைந்தால் அதற்குள் படிகத்தின் அணுக்கள் மூன்று லட்சத்துக்கும் அதிகமாக அடங்கும். ஒரே ஓர் எலக்ட்ரானும் ஒரே ஒரு துளையும் அவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றுகின்றன.

குளிர் ஏன் வேண்டும் என்பது இதிலேயே வந்துவிட்டது. அறை வெப்பநிலையில் படிகம் சும்மா இருப்பதில்லை. அதன் வெப்பக் குலுக்கலின் ஆற்றல் 25 மில்லி எலக்ட்ரான் வோல்ட். 4.2-இல் கட்டிய ஜோடி 25-இன் குலுக்கலில் தாக்குப்பிடிக்குமா? சட்டென்று பிரிந்துவிடும். 1962-இல் ஸ்டர்ஜ் என்பவர் காலியம் ஆர்சனைடு ஒளியை எப்படி உறிஞ்சுகிறது என்று அளந்து ஒரு வரைபடம் வெளியிட்டார். இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் அதைப் பார்க்கலாம். நான்கு கோடுகள்: 294, 186, 90, 21 கெல்வின். 294-இல் எக்சிட்டான் இருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும், விளிம்பில் லேசான ஒரு மேடு. 21-இல் ஊசிபோல நிமிர்ந்து நிற்கிறது. கடைசி இரண்டு எண்களையும் கவனியுங்கள். திரவ ஆக்சிஜன் கொதிப்பது 90 கெல்வினில், திரவ ஹைட்ரஜன் 20-இல். அதாவது மகேந்திரகிரி ராக்கெட் எஞ்சினுக்கு ஊற்றும் இரண்டு திரவங்களின் வெப்பநிலை.

அப்படியானால் 20 கெல்வினோடு நிறுத்திக்கொள்ளலாமே, எதற்கு ஹீலியம் வரை போக வேண்டும்? எக்சிட்டான் உயிரோடு இருக்க 20 கெல்வின் போதும். அங்கே குலுக்கல் 1.7 மில்லி எலக்ட்ரான் வோல்ட்தான். ஆனால் காந்தப்புலம் அதற்குச் செய்வதெல்லாம் அரை மில்லி, கால் மில்லி என்ற அளவில் நடக்கிறது. நிறமாலையில் எக்சிட்டானின் கோடு தடித்திருந்தால் அது இரண்டாகப் பிளந்தது தெரியாது. 4.2 கெல்வினில் கொதிக்கும் திரவ ஹீலியத்தில் படிகத்தை முக்கினால் குலுக்கல் 0.36-க்கு இறங்கும்.

இதில் பார்க்க அழகான ஒரு சங்கதி உண்டு. கண்ணாடிச் சாளரம் வைத்த குளிர்க்கலத்தில் திரவ ஹீலியம் எந்நேரமும் குமிழியிட்டுக்கொண்டே இருக்கும். லேசர் ஒளி அந்தக் குமிழிகளில் பட்டுச் சிதறும், நிறமாலைமானியில் கோடு நடுங்கும். பம்பைப் போட்டு மேலே இருக்கும் ஆவியை உறிஞ்ச உறிஞ்ச வெப்பநிலை இறங்கும். 2.17 கெல்வினைத் தாண்டியதும் கொதிப்பு சட்டென்று நின்றுபோகும். திரவம் இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாதபடி தெளிந்துவிடும். மிகைபாய்ம நிலைக்கு, அதாவது உராய்வே இல்லாமல் ஓடும் நிலைக்குப் போன ஹீலியம் வெப்பத்தை அவ்வளவு வேகமாகக் கடத்துவதால் எங்கேயும் குமிழி உருவாக வழியில்லை. ஒளியியல் ஆய்வுக் கட்டுரைகளில் 2 கெல்வின், 1.8 கெல்வின் என்ற எண்கள் அடிக்கடி தென்படுவதற்குக் குளிர் மோகம் மட்டும் காரணமில்லை. குமிழித் தொல்லை ஒழிந்தது என்பதும் ஒரு காரணம்.

சரி, காந்தத்துக்கு வருவோம். எக்சிட்டானைக் காந்தப்புலம் இரண்டு இடத்தில் பிடிக்கிறது: தற்சுழற்சியில் ஒன்று, சுற்றுப்பாதையில் ஒன்று.

தற்சுழற்சிப் பிடி பழைய கதை. 1896-இல் சீமன், சோடியச் சுடரின் மஞ்சள் கோடுகள் காந்தப்புலத்தில் அகலமாவதைக் கண்டார்; அதற்கு 1902-இல் நோபல் பரிசு கிடைத்தது. எலக்ட்ரானுக்கும் துளைக்கும் தற்சுழற்சி இருப்பதால் எக்சிட்டானின் ஒற்றைக் கோடும் புலத்தில் இரண்டாகப் பிளக்கும். புலத்தின் திசையிலேயே நின்று பார்த்தால் ஒரு கோட்டின் ஒளி வலஞ்சுழியாகவும் மற்றதன் ஒளி இடஞ்சுழியாகவும் வருகிறது. எவ்வளவு பிளக்கும் என்பதை ஜி-காரணி என்ற எண் தீர்மானிக்கிறது. வெற்றிடத்தில் எலக்ட்ரானுக்கு அது 2. காலியம் ஆர்சனைடுக்குள் மைனஸ் 0.44. அளவு மாறியது மட்டுமில்லை, குறியே புரண்டுவிட்டது! படிகம் எலக்ட்ரானின் நிறையை மாற்றுகிறது என்பதை ஏற்றுக்கொள்ளும் மாணவர்கள்கூட இந்த மைனஸைப் பார்த்ததும் ஒரு நிமிடம் நின்றுவிடுவார்கள். எலக்ட்ரானின் தற்சுழற்சி பட்டைகளின் சுற்றியக்கத்தோடு பின்னிக்கொள்வதால் வரும் விளைவு அது.

ஜி-காரணி 2 என்று வைத்துக்கொண்டால் 5 டெஸ்லாவில் பிளவு 0.58 மில்லி எலக்ட்ரான் வோல்ட். இந்த இடத்தில் குளிர் இன்னொரு வேலையும் செய்கிறது. பிளந்த இரண்டு மட்டங்களில் எக்சிட்டான்கள் எதில் போய் உட்காரும்? 20 கெல்வினில், கீழ் மட்டத்தில் 100 இருந்தால் மேலே 71 இருக்கும், பெரிய வித்தியாசமில்லை. 2 கெல்வினில் கீழே 30-க்கு மேலே 1. சமநிலை அடையும் அளவுக்கு எக்சிட்டான் ஆயுளோடு இருந்தால், வெளிவரும் ஒளி ஏறக்குறைய முழுக்க ஒரே சுழியில் வரும். நிறமாலையைப் பார்க்காமல் சுழியை மட்டும் அளந்தே உள்ளே நடப்பதை ஊகித்துவிடலாம்.

சுற்றுப்பாதைப் பிடிதான் எனக்குப் பிடித்தது. சுற்றிக்கொண்டிருக்கும் மின்னூட்டத்தைக் காந்தப்புலம் வளைத்து உள்பக்கமாக நெருக்குகிறது. நெருக்கப்பட்டால் ஆற்றல் ஏறும். கோடு நீலப் பக்கமாக நகரும். இதை டயாகாந்த நகர்வு என்கிறார்கள். புலத்தை இரட்டித்தால் நகர்வு நாலு மடங்கு. எக்சிட்டானின் ஆரத்தை இரட்டித்தாலும் நாலு மடங்கு. ஆடிக் காற்றில் சின்னக் குடைக்காரர் எப்படியோ சமாளித்துப் போய்விடுவார், பெரிய குடைக்காரர்தான் காற்றோடு இழுபடுவார். இங்கேயும் மாட்டிக்கொள்வது பரந்து கிடக்கும் ஜோடிதான். காலியம் ஆர்சனைடுக்குக் கணக்குப் போட்டால் 1 டெஸ்லாவில் சுமார் 0.1 மில்லி எலக்ட்ரான் வோல்ட் நகர்வு வருகிறது. ஹைட்ரஜன் அணுவில் இதே நகர்வு கண்ணில் சிக்காத பொடிப்பயல்.

இந்த உறவைத் திருப்பிப் போட்டால் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. நகர்வை அளந்தால் ஆரம் வந்துவிடும். எக்சிட்டானை நேரில் பார்த்தவர் யாருமில்லை, ஆனால் காந்தத்தை வைத்து அதன் பருமனை நானோமீட்டரில் சொல்லிவிடலாம். ஒற்றை அணு அடுக்குக் குறைக்கடத்திகள் வந்தபோது இது பெரிதாகக் கைகொடுத்தது. அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் 4 கெல்வினில் கண நேரம் மட்டும் உச்சம் தொடும் துடிப்புக் காந்தத்தை 65 டெஸ்லா வரை ஏற்றி, டங்ஸ்டன் டைசல்ஃபைடின் ஒற்றை அடுக்கில் எக்சிட்டானின் ஆரம் 1.53 நானோமீட்டர் என்று 2016-இல் அறிவித்தார்கள். காலியம் ஆர்சனைடோடு ஒப்பிட்டால் எட்டில் ஒரு பங்கு. ஒற்றை அடுக்கில் மின்னிழுப்பை மழுங்கடிக்கச் சுற்றிலும் ஆள் இல்லை, ஜோடி இறுகிவிடுகிறது. இறுகிய ஜோடியை அசைக்க 65 டெஸ்லா தேவைப்பட்டது என்பதே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது.

நகர்வு எதுவரை வர்க்க விதிப்படி போகும்? புலத்தின் பிடி மின்னிழுப்பின் பிடிக்குச் சமமாகும்வரை. ஹைட்ரஜன் அணுவுக்கு அந்த எல்லை 2,35,000 டெஸ்லா. மனிதர்கள் நின்று நிதானமாக இயக்கும் காந்தங்களில் மிகப் பெரியவை 45 டெஸ்லா அளவில் இருக்கின்றன. சுருள் வெடிக்காத துடிப்புக் காந்தம் 100 டெஸ்லாவைத் தாண்டியதே 2012-இல்தான். ஹைட்ரஜன் அந்த எல்லையைக் கொஞ்சமாவது நெருங்கும் இடம் வேண்டுமென்றால் வெண்குறு விண்மீன்களின் பரப்புக்குப் போக வேண்டும். அவற்றில் சிலவற்றில் ஒரு லட்சம் டெஸ்லா வரை இருக்கிறது. காலியம் ஆர்சனைடு எக்சிட்டானுக்கு அதே எல்லை 4 டெஸ்லாவுக்குச் சற்று மேலே. முதலில் சொன்ன 4 டெஸ்லா இதுதான். விண்மீனில் நடக்கும் இயற்பியலை ஒரு மேஜைமேல் செய்து பார்க்கலாம் என்பதே காந்த ஒளியியல்காரர்களை அறுபது எழுபது ஆண்டுகளாகக் கட்டிப்போட்டிருக்கிறது. எக்சிட்டானை உடைத்துவிடாமல் இருக்கக் குளிர் வேண்டியிருப்பதும், அதை உலுக்க ஆய்வகக் காந்தமே போதுமானதாக இருப்பதும் ஒரே காரணத்தால்: அது உப்பிப்போன அணு.

எல்லையைத் தாண்டினால் கோடுகள் வர்க்க விதியை விட்டுவிட்டு, புலத்தோடு நேர்விகிதத்தில் மேலே ஏறத் தொடங்கும். புலம் மட்டுமே ஆளும் உலகில் எலக்ட்ரான் சீரான படிகளில்தான் நிற்க முடியும் என்று 1930-இல் லாண்டாவ் காட்டியிருந்தார். 1950களின் கடைசியில் ஜெர்மானியம் போன்ற படிகங்களில் உறிஞ்சல் அலையலையாக வருவதைப் பார்த்தவர்கள், இவை லாண்டாவின் படிகள், தனித்த எலக்ட்ரானும் துளையும் ஏறி இறங்கும் படிகள் என்று எடுத்துக்கொண்டார்கள். 1959-இல் எலியட்டும் லவுடனும் அதைத் திருத்தினார்கள். எவ்வளவு வலுவான புலத்திலும் எலக்ட்ரான்-துளை இழுப்பு ஒழிவதில்லை. புலம் குறுக்குவாட்டில் நெருக்கினாலும் புலத்தின் திசையில் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டேதான் இருக்கின்றன. ஒவ்வொரு படிக்குக் கீழேயும் ஓர் எக்சிட்டான் தொங்குகிறது, நாம் பார்க்கும் முகடு அதனுடையது. இதைக் கவனிக்காமல் முகடுகளை அப்படியே நீட்டி ஆற்றல் இடைவெளியைக் கணித்தால், விடை பிணைப்பாற்றல் அளவுக்குப் பிசகும்.

திசையைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. காந்தப்புலத்தில் படிகத்தை எந்தப் பக்கமாகத் திருப்பி வைக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும் என்ற விஷயத்தில் முன்னோடிகளில் ஒருவர் கே. எஸ். கிருஷ்ணன். 1898-இல் பிறந்த ஊர் வத்திராயிருப்பு. இன்றைக்கு விருதுநகர் மாவட்டம், அன்றைக்குத் திருநெல்வேலி ஜில்லாவின் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம். ராமன் விளைவில் ராமனோடு நின்றவர் என்பதோடு அவரை நிறுத்திவிடுவது நம் வழக்கம். அதற்குப் பிறகு 1930களில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் அவர் செய்த படிகக் காந்தவியலும் அதற்குச் சற்றும் குறைந்ததில்லை. மெல்லிய குவார்ட்ஸ் இழையில் படிகத்தைத் தொங்கவிட்டு, காந்தப்புலத்துக்கு நடுவே இழையின் மேல்முனையை மெதுவாக முறுக்கிக்கொண்டே போவார். படிகம் புலத்தின் பிடியில் கொஞ்ச நேரம் அடம்பிடித்து நிற்கும். ஒரு கோணத்தில் சட்டென்று புரண்டுவிடும். அந்தக் கோணத்திலிருந்து, படிகத்தின் காந்தத்தன்மை திசைக்குத் திசை எவ்வளவு மாறுகிறது என்பது வந்துவிடும். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. ஓர் இழை, ஒரு காந்தம், பொறுமை. எக்சிட்டானுக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு இல்லைதான். ஆனால் காட்மியம் சல்ஃபைடு போன்ற அறுகோணப் படிகங்களில், அச்சுக்கு இணையாகப் புலம் வைத்தால் ஒரு பிளவு, குறுக்காக வைத்தால் வேறு பிளவு என்று படிக்கும்போதெல்லாம் அந்தக் குவார்ட்ஸ் இழை எனக்கு ஞாபகம் வரும்.

காட்மியம் சல்ஃபைடில்தான் 1961-இல் தாமஸும் ஹாப்ஃபீல்டும் நல்ல வேடிக்கை ஒன்றைக் கண்டார்கள். ஒளி போகும் திசைக்குக் குறுக்கே புலத்தை வைத்து நிறமாலை எடுத்தார்கள். பிறகு காந்தத்தின் திசையை மட்டும் நேர் எதிராகத் திருப்பி மறுபடி எடுத்தார்கள். வட துருவமும் தென் துருவமும் இடம் மாறினால் நிறமாலைக்கு என்ன வந்தது? ஆனால் அது மாறியது. காரணம், எக்சிட்டான் நின்ற இடத்தில் நிற்பதில்லை. தன்னை உண்டாக்கிய ஒளித்துகளின் உந்தத்தை வாங்கிக்கொண்டு படிகத்துக்குள் ஓடுகிறது. காந்தப்புலத்துக்குக் குறுக்கே ஓடுபவருக்கு அங்கே ஒரு மின்புலமும் இருப்பதாகத் தெரியும்; அது எலக்ட்ரானை ஒரு பக்கமும் துளையை மறுபக்கமும் இழுக்கும். புலத்தைத் திருப்பினால் அந்த மின்புலமும் திரும்பும், மேல் கீழ் வேறுபாடு உள்ள இந்தப் படிகத்தில் அது நிறமாலையில் தெரியும். மொத்த மின்னூட்டம் சுழியமான ஒரு துகள் ஓடுகிறது என்பதை வெறும் ஒளியாலும் காந்தத்தாலும் நிரூபித்த வேலை இது. எக்சிட்டான் ஆய்வில் இதைவிடச் சிக்கனமான ஒரு சோதனையை எனக்குத் தெரியாது.

எல்லா எக்சிட்டானும் ஒளி விடுவதில்லை என்பது இன்னொரு கதை. எலக்ட்ரான், துளை இரண்டின் தற்சுழற்சியும் பொருந்தாமல் போனால், ஜோடி மறைந்து ஒளியாக மாற விதி அனுமதிக்காது. அவற்றை இருண்ட எக்சிட்டான் என்கிறார்கள். பல பொருள்களில் ஆற்றலில் கீழே இருப்பவை இவைதான். குளிரக் குளிர எல்லாம் அந்த இருட்டறைக்குள் போய் விழும். 1995-இல் காட்மியம் செலினைடு நானோ படிகங்களில், 2 கெல்வினுக்கும் குறைவான குளிரில், ஒளி மங்க ஒரு மைக்ரோநொடி அளவு ஆவதையும், காந்தப்புலத்தை ஏற்றினால் அந்த நேரம் குறைவதையும் காட்டினார்கள். புலம் இருண்ட நிலையில் ஒளிரும் நிலையைக் கொஞ்சம் கலந்துவிடுகிறது. பூட்டியிருந்த கதவு ஒருக்களித்துத் திறக்கிறது. இப்போது ஒற்றை அடுக்குப் பொருள்களிலும் இதே உத்திதான்: புலத்தை அடுக்கின் தளத்திலேயே படுக்கையாக வைத்தால், அதுவரை இல்லாத ஒரு கோடு முளைத்து வரும்.

படிகத்திலேயே காந்த அணுக்களைக் கலந்துவிட்டால்? காட்மியம் டெல்லூரைடில் சில காட்மியம் அணுக்களுக்குப் பதிலாக மாங்கனீசு போட்டால், அவற்றின் தற்சுழற்சிகள் எல்லாம் வெளிப்புலத்தோடு திரும்பி நின்று எக்சிட்டானைக் கூட்டாகப் பிடிக்கின்றன. சில டெஸ்லாவிலேயே பிளவு பத்துப் பத்து மில்லி எலக்ட்ரான் வோல்ட் கணக்கில் போகும். ராட்சதச் சீமன் பிளவு என்று பெயர். இதற்குக் குளிர் வேறு காரணத்துக்காக வேண்டும்: சூடேறினால் மாங்கனீசுகள் வரிசை கலைந்துவிடும், பிளவும் சுருங்கிவிடும். ஒரே படிகத்தை 2 கெல்வினிலும் 20 கெல்வினிலும் அளந்தால் இரண்டு வேறு பொருளோ என்று தோன்றும்.

இதுவரை சொன்னதெல்லாம் எக்சிட்டானின் தரைநிலை. ஹைட்ரஜனுக்கு உள்ளதுபோல எக்சிட்டானுக்கும் அடுக்கடுக்கான மேல் நிலைகள் உண்டு. லெனின்கிராடில் குரோஸ் 1950களின் தொடக்கத்தில் குப்ரஸ் ஆக்சைடில் அந்த வரிசையைக் கண்டதுதான் எக்சிட்டான் என்ற கருத்துக்கே கிடைத்த முதல் தெளிவான சான்று. அந்தச் செந்நிறப் படிகத்துக்கு 2014-இல் மறுவாழ்வு வந்தது. நமீபியாவின் சுமேப் சுரங்கத்திலிருந்து கிடைத்த இயற்கைப் படிகத்தை 1.2 கெல்வினுக்குக் குளிர்வித்து, ஜெர்மனியின் டார்ட்மண்டில் 25-ஆவது நிலை வரை எண்ணினார்கள். அந்த நிலையில் எக்சிட்டானின் விட்டம் 2 மைக்ரோமீட்டருக்கும் மேல். ஒரு பாக்டீரியாவின் நீளம்! ஆய்வகத்தில் செய்யும் எந்தச் செயற்கைப் படிகத்தையும்விட மண்ணுக்குள் கிடந்த படிகம் இதற்குத் தோதாக இருந்தது என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

இதே படிகத்தில் காந்தத்தின் வேலையைப் பாருங்கள். தரைநிலையில் ஜோடி இறுக்கமானது, எல்லைப் புலம் சுமார் 600 டெஸ்லா. கிட்டவே போக முடியாது. ஆனால் நிலை எண் ஏற ஏற எல்லை, எண்ணின் கன மடங்காகச் சரிகிறது. பத்தாவது நிலைக்கு 0.6 டெஸ்லா. இருபத்தைந்தாவது நிலைக்கு 0.04, ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் காந்தமே அதைக் கலக்கிவிடும். கோடுகள் ஒன்றையொன்று வெட்டியும் விலக்கியும் ஒரு பெரும் சிடுக்காகின்றன. அந்தச் சிடுக்கில் அடுத்தடுத்த கோடுகளின் இடைவெளியைப் புள்ளியியலாக எடுத்துப் பார்த்தால், குவாண்டம் கேயாஸ் என்ற ஒழுங்கற்ற இயக்கத்துக்கே உரிய வடிவம் வருகிறது என்று 2016-இல் அதே குழுவினர் காட்டினார்கள்.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு வழக்கமாகக் குவாண்டம் கணினி, அது இது என்று பதில் சொல்வார்கள். அந்தப் பதிலில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. இன்னும் கிட்டத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. கங்கைகொண்டான் சிப்காட்டில் சூரிய மின்கலம் செய்யும் பெரிய ஆலை ஓடுகிறது. அங்கே பொருள் சிலிக்கான். அதற்குப் போட்டியாக உலகம் முழுக்கப் பேசப்படுவது பெராவ்ஸ்கைட் என்ற படிக வகை, குறிப்பாக மெத்தில் அம்மோனியம் லெட் அயோடைடு. சூரிய மின்கலத்துக்கு எக்சிட்டான் உதவாது. எலக்ட்ரானும் துளையும் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போனால்தான் மின்சாரம். ஆகவே அந்தப் பொருளில் ஜோடியின் பிணைப்பு எவ்வளவு என்பது அடிப்படைக் கேள்வி. ஆளாளுக்கு ஒரு விடை வந்தது. சிலர் இரண்டு மில்லி எலக்ட்ரான் வோல்ட் என்றார்கள், சிலர் ஐம்பது என்றார்கள். மறைமுகமாக ஊகித்தால் அப்படித்தான் ஆகும்.

2015-இல் காந்தத்தை வைத்து நேராக அளந்தார்கள். கடுங்குளிரில், 150 டெஸ்லா வரை. அவ்வளவு பெரிய புலத்துக்கு ஒற்றைச் சுற்றுச் செம்புச் சுருளில் சில மைக்ரோநொடி மின்னோட்டத்தைப் பாய்ச்சுவார்கள்; ஒவ்வொரு முறையும் சுருள் வெளிப்பக்கமாக வெடித்துச் சிதறிப்போகும், நடுவில் இருக்கும் படிகமும் குளிர்க்கலமும் தப்பிவிடும். அடுத்த அளவுக்குப் புதுச் சுருள். லாண்டாவ் படிகளின் சாய்விலிருந்து குறைக்கப்பட்ட நிறை 0.104 என்று கிடைத்தது. எக்சிட்டான் கோடுகளிலிருந்து பிணைப்பாற்றல், குளிரில், 16 மில்லி எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பநிலையில் அது வெறும் சில மில்லிதான் என்பதும் அதே வேலையில் தெரிந்தது. குலுக்கல் 25 இருக்கும் இடத்தில் சில மில்லியில் கட்டிய ஜோடி நிற்காது. மொட்டை மாடியில் வெயிலில் கிடக்கும் தகட்டில் எலக்ட்ரானையும் துளையையும் பிரிக்கத் தனியாக எந்த ஏற்பாடும் வேண்டாம், அவை பிறக்கும்போதே பிரிந்துதான் இருக்கின்றன. இந்த விஷயத்தில் பெராவ்ஸ்கைட் சிலிக்கானுக்கு இளைத்ததில்லை. சிலிக்கானில் எக்சிட்டானின் பிணைப்பு 15 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டுக்குப் பக்கம். அதுவும் அறை வெப்பநிலையில் நிலைக்காது. பெராவ்ஸ்கைட்டில் மிச்சமிருக்கும் தலைவலி ஈரமும் சூடும் பட்டால் பொருளே சிதைவது. அதற்குக் காந்தத்திடம் பதில் இல்லை.